முடிவு மட்டும் படித்த செங்கம்மாள்

செங்கல்பட்டு
29.7.2001, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வைஷாலிக்கு அம்மா எழுதுவது.

இங்கே உன் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், கடல் தாண்டி நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறந்திருக்கிறேன், அப்படி இல்லையென்றால் ஒளிக்காமல் எழுது. அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு பேப்பரை முதல் பக்கத்திலிருந்து டெண்டர் விளம்பரம் வரைக்கும் படித்து முடித்துவிட்டு உலகம் கெட்டுப்போய்விட்டது என்று எனக்குச் சொல்கிறார். ஆடிக் காற்று மொட்டை மாடியில் துணியைத் தங்கவிடுவதில்லை, போன வாரம் என் நீல வாயில் புடவை எதிர்வீட்டுத் தென்னையில் போய்த் தொங்கியது. நாளைமறுநாள் செவ்வாய்க்கிழமை எனக்குக் கடைசி நாள். முப்பத்து மூன்று வருஷம் ஒரே ஆபீஸ், ஒரே பஸ். அழுவேன் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள், நான் அழப்போவதில்லை, அதற்கு வேண்டிய அழுகையை இந்த மாதமே அழுது தீர்த்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன், பொறுமையாகப் படி.

போன கடிதத்தில் இந்த வருஷம் என்னென்ன புத்தகம் படித்தேன் என்று பட்டியல் கேட்டிருந்தாய், இன்னும் அந்தப் பஸ் நாவல்தானா, அந்த நேரத்துக்கு நான் அனுப்பியதைப் படித்திருந்தால் எவ்வளவு பிரயோஜனம் என்றும் ஒரு குத்து குத்தியிருந்தாய். எழுதிக்கொள்ளடி. ஜனவரியிலிருந்து மாத நாவல் ஏழு, அதில் நாலு கொலை, ஒன்று பேய், இரண்டில் கொலையும் பேயும் சேர்ந்து. முன்னேற்றப் புத்தகம் மூன்று. ஒன்று ஞாபக சக்தியைப் பற்றியது, நூலகத்தில் எடுத்தேன், திருப்பித் தர மறந்து அபராதம் கட்டினேன், சிரிக்காதே. இன்னொன்று ஆபீஸ் டிரெயினிங்கில் இலவசமாகக் கொடுத்தது. மூன்றாவது நீ உன் தோழியிடம் கொடுத்தனுப்பிய பச்சை அட்டைப் புத்தகம், அதை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாளுக்கு நாலு பக்கமாகப் படிக்கிறேன். உனக்கு இது இரண்டும் ஒட்டாத விஷயமாகத் தெரிகிறது. எனக்கு அப்படியில்லை. இரண்டையும் ஒரே ஆவலோடுதான் திறக்கிறேன், ஒரே மாதிரிதான் படபடப்பு வருகிறது. ஒரே ஒரு வித்தியாசம், நாவலில் குற்றவாளி யாரென்று கடைசிப் பக்கத்தில்தான் தெரியும், முன்னேற்றப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே பிடிபட்டுவிடுகிறான், அது எப்போதும் நான்தான். உன் அப்பாவைக் கேட்டால் நூறு பக்கத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிற எதுவும் பொய்தான் என்கிறார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவருக்கு வேறு என்ன தோன்றும்.

பஸ்ஸில் நாங்கள் நாவல் படிக்கிற லட்சணம் உனக்குத் தெரியாது. நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஆரம்பித்தது. செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் போகிற எங்கள் ஆபீஸ் பஸ்ஸில் பெண்கள் ஐந்து பேர் கூட்டுச் சேர்ந்து மாதம் ஒரு நாவல் வாங்குவோம். வாங்கியவுடன் நான் ஹேர்பின்னால் அதன் பின்னை நெம்பி எடுத்து நாலு பாகமாகப் பிரித்துவிடுவேன், அப்போதுதான் ஒரே சமயத்தில் நாலு பேர் படிக்க முடியும். முதல் மூன்று பாகத்தை யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். நாலாவது பாகம் மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கக்கூடாது. ஒரு தடவை ஒருத்தி அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு மறுநாள் ஏறினதும் ஏறாததுமாக யார் கொலைகாரன் என்று உளறிவிட்டாள், அன்றைக்கு நடந்த சண்டையில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். அதிலிருந்து இந்தச் சட்டம். முடிவுப் பாகம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற முதலுதவிப் பெட்டியில்தான் கிடக்கும், மற்ற மூன்றையும் முடித்தவர்கள் எடுத்துப் படித்துவிட்டுத் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு கைகாட்டியில் செங்கம்மாள் ஏறுவாள். எங்கள் கேன்டீனில் வேலை, காலை பத்தே முக்காலுக்கு செக்‌ஷன் செக்‌ஷனாக டீ கொண்டுவருவாள், ஐம்பது வயதிருக்கும், ஏழாவது வரைக்கும் படித்தவள். அவளை நாங்கள் யாரும் கூட்டில் சேரச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே, தோன்றவில்லை என்பதுதான் உண்மை, தோன்றாமல் போனதுதான் தப்பு. அவள் ஏறும்போது உட்கார மிச்சம் இருப்பது டிரைவருக்குப் பின்னாலுள்ள சீட், கையை நீட்டினால் அந்தப் பெட்டி. கால் மணி நேரம் முடிவுப் பாகத்தைப் படிப்பாள், ஆபீஸ் வந்ததும் பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டு இறங்கிப் போவாள். பதினோரு வருஷமாக அவள் படித்ததெல்லாம் முடிவுகள்தான்.

போன ஐப்பசியில் ஒரு கூத்து நடந்தது. புது நாவலின் முதல் மூன்று பாகமும் என் பையில் இருந்தன, அடைமழையில் பை நனைந்து மூன்றும் கூழாகிவிட்டன. எல்லோரும் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். அப்போது செங்கம்மாள் முன் சீட்டிலிருந்து திரும்பி, அதுக்கு எதுக்குமா சண்ட, இன்னா நடந்துதுன்னு நான் சொல்றேன் என்றாள். சொன்னாளடி. கடற்கரை பங்களா ஒன்று, அதன் தண்ணீர்த் தொட்டியில் பிணம், வீட்டுக்காரரின் தம்பி, ஒரு டிரைவர், ஒரு டாக்டர் பெண். யாருக்கு யார் மேல் என்ன கோபம், சாவி எப்படிக் கை மாறியது, எல்லாவற்றையும் முதலிலிருந்து கோத்துக் கோத்துச் சொன்னாள். நாங்கள் நாவலைப் படித்த மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு நாள் கழித்து வேறு பிரதி வாங்கிப் படித்தால் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. மீதிக் கால்வாசியில் அவள் சொன்னதுதான் நன்றாக இருந்தது. அந்த டிரைவர் கடைசியில் எதற்கு அழுதான் என்று எழுதியவர் சொல்லவே இல்லை, அவள் சொல்லியிருந்தாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கடைசில யாரு அழுவுறாங்க, யாரு ஓடறாங்க, எந்த சாமான் எங்க கெடக்குதுன்னு பாத்தா போதும்மா, மொதல்ல இன்னா நடந்து இருக்கும்னு தன்னால தெரிஞ்சிடுது, பதினோரு வருசமா இதானே பண்ணிகினு கீறேன் என்றாள், ஏதோ கீரை ஆய்கிற விஷயத்தைச் சொல்வது போல. அன்றைக்கே அவளைக் கூட்டில் சேர்த்திருக்க வேண்டும். ஆச்சரியப்பட்டேன், வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், மறுமாதம் பழையபடி நாலு பாகமாகப் பிரித்தேன், அவ்வளவுதான்.

இப்போது உன் பச்சைப் புத்தகத்துக்கு வருகிறேன். அதில் நாலாவது அத்தியாயம் மேஜையைப் பற்றியது. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது மேஜையின் மரம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். ஒரு வருஷமாகத் திறக்காத கட்டின் மேல் சிவப்பு வட்டம் ஒட்டி அப்புறப்படுத்து, தினமும் எரிச்சல் தருகிற சின்ன விஷயங்களைப் பட்டியல் போட்டு அடுத்தவரிடம் ஒப்படைத்துவிடு, ஒப்படைத்ததை மறந்துவிடு என்று இருந்தது. படித்து முடித்தபோது எனக்கு ஏறிய வேகம் இருக்கிறதே. ரிட்டயர் ஆவதற்குள் என் மேஜையைக் கண்ணாடி போல வைத்துவிட்டுப் போகிறேன் என்று சபதம் செய்தேன். சிவப்பு வட்டத்துக்கு எங்கே போவது, என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் கொண்டுபோனேன். இரண்டு வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுக்க ஃபைல்களுக்குப் பொட்டு வைத்தேன், பக்கத்து சீட் ராஜாராம் மஞ்சள் குங்குமமும் வையுங்கள் என்று கேலி செய்தார். அப்புறம் எங்கள் பியூன் முனிசாமியைக் கூப்பிட்டு, பொட்டு வைத்ததெல்லாம் பழைய ரிக்கார்டு ரூமுக்கு, ஃபேன் கீச்சிடுவதை நிறுத்து, ஜன்னல் கொக்கியைச் சரிபண்ணு, மேஜை ஆடுகிறது அதையும் பார் என்று நாலு வேலையை ஒப்படைத்துவிட்டு, புத்தகம் சொன்னபடி மறந்தும்விட்டேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் மேஜையில் மரம் தெரிகிறது. எனக்கு என்ன பெருமை என்கிறாய்.

அந்தப் பெருமை ஒரு நாள்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை எங்கள் அதிகாரி கூப்பிட்டார், கருணை அடிப்படையில் வேலை கொடுக்கிற கமிட்டி இருபத்தேழாம் தேதி கூடுகிறது, ஏசுதாஸ் ஃபைலைத் தயார் பண்ணுங்கள் என்றார். ஏசுதாஸ் எங்களிடம் ஹெல்பராக இருந்தவர், தொண்ணூற்றெட்டில் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். மனைவி சந்திரம்மா, இரண்டு பெண் குழந்தைகள். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் சிலைகளுக்குத் தேய்த்து மெருகு போடுகிற வேலைக்குப் போகிறாள், அந்தக் கல் தூசியில் அவளுக்கு இருமல் நிற்பதே இல்லை. மூன்று வருஷத்துக்குள் கமிட்டி சிபாரிசு செய்தால் உண்டு, ஆகஸ்டு இரண்டாம் தேதியோடு அந்த மூன்று வருஷம் முடிகிறது, அதற்குப் பிறகு கேஸை மூடிவிடுவார்கள். இந்தக் கமிட்டியை விட்டால் வேறு கமிட்டி இல்லை. ஃபைலை எடுத்தேன், இரண்டாம் பாகம் இருக்கிறது, முதல் பாகத்தைக் காணோம். அவள் கைப்பட எழுதிய விண்ணப்பம், வாரிசுச் சான்றிதழ், அசல் எல்லாம் முதல் பாகத்தில்தான். இரண்டும் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டியவை. முதல் பாகத்தை ஒரு வருஷமாகத் திறக்கவில்லை என்று அதன் நெற்றியில் பொட்டை வைத்து நானே பிரித்துத் தள்ளியிருக்கிறேன். நாவலைப் பிரித்துப் பிரித்துப் பழகின கை.

ரிக்கார்டு ரூமில் கட்டுக் கட்டாக அவிழ்த்துப் பார்த்தேன், பொட்டு வைத்த மற்ற எல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை. முனிசாமியைக் கேட்கலாம் என்றால் அவன் திங்கட்கிழமையிலிருந்து லீவு, குடும்பத்தோடு படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போய் அங்கிருந்து மாமியார் ஊருக்குப் போய்விட்டான், அந்த ஊரில் போன் கிடையாது. தாலுகா ஆபீஸில் புதிதாக வாரிசுச் சான்றிதழ் வாங்க இரண்டு மாதம் ஆகும். பச்சைப் புத்தகத்தைப் புரட்டினேன், தொலைத்ததைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு அத்தியாயமும் இல்லை. சரி, நாவல் படித்த அறிவாவது உதவட்டும் என்று சந்தேகமே வராத ஆளைச் சந்தேகப்பட்டேன். ராஜாராம் ஒரு வாரமாகக் காலடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் போனாலே தள்ளித் தள்ளி வைத்தார். அவர் சாப்பிடப் போன நேரம் பையைத் திறந்து பார்த்துவிட்டேன். உள்ளே கருங்கல்லில் அழகான ஒரு சின்னப் பிள்ளையார், என் பெயர் எழுதிய வாழ்த்து அட்டையோடு. பிரிவுபசாரத்துக்காக வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார் பாவம். எனக்கு வந்த வெட்கத்துக்கு அளவே இல்லை.

அதைவிடப் பெரிய வேதனை சனிக்கிழமை வந்தது. பாதி நாள் லீவு போட்டுக்கொண்டு சந்திரம்மா இங்கே வீட்டுக்கே வந்துவிட்டாள். கமிட்டியில் வைக்கிறார்களா என்று கேட்டாள். வைக்கிறோம், எல்லாம் தயாராக இருக்கிறது என்று அவள் முகத்தைப் பார்த்து வாய் கூசாமல் பொய் சொன்னேன். நீங்க கீறீங்கன்னுதாம்மா நான் தைரியமா தூங்கறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்றுவிட்டு உள்ளே வந்து ஓவென்று அழுதேன். உன் அப்பா பயந்துபோய்விட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை, முழங்கால் வலியோடு எழுந்துபோய் அவரே காப்பி கலந்துகொண்டு வந்தார், சர்க்கரை போட மறந்துவிட்டார், அப்படியே குடித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை, இருபத்துநாலாம் தேதி, பத்தே முக்கால். கமிட்டிக்கு மூன்று நாள். செங்கம்மாள் டீயை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். இன்னாமா, ஒரு வாரமா டீ ஆறிப்போயி அப்டியே கீது, மூஞ்சியும் பேய் அறஞ்சா மாதிரி கீது, இன்னாத்த தேடிகினு கீறீங்க என்றாள். அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் ஏனோ அந்தத் தண்ணீர்த் தொட்டிப் பிணம் ஞாபகம் வந்தது, எல்லாவற்றையும் கொட்டினேன், பொட்டு வைத்ததிலிருந்து. நடுவில் நிறுத்தினாள். மொதல்லேர்ந்து சொல்லாதமா, எனக்கு மொதல்லேர்ந்து சொன்னா புரியாது, இப்ப கடைசில இங்க இன்னா மாறிப் போயி கீது, அத்த மட்டும் பாக்கலாம் என்றாள். செக்‌ஷனை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஃபேனைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த துடைக்கிற துணியைப் பார்த்தாள். அது காய்ந்து கிடந்தது. ஒரு வாரமா உன் டேபிள நான் தொடக்கவே இல்லியேமா என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பதினோரு வருஷமாக அவள் டம்ளரை வைத்தால் என் மேஜை ஒரு ஆட்டம் ஆடுமாம், டீ தளும்புமாம், உடனே துடைப்பாளாம், எல்லா செக்‌ஷனிலும் சேர்த்து அவள் துடைக்கிற மேஜை என்னுடையது ஒன்றுதானாம். இப்ப ஏன் ஆடல, அதுக்குக் கால் மொளச்சுதா என்று கேட்டாள்.

அடுத்து நாங்கள் இரண்டு பேரும் செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அறுபது வயதில் நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் போனேன். சுவரோரமாக பீரோவுக்கும் மேஜைக்கும் நடுவில், வெளியே தெரியாத பின்னங்காலுக்கு அடியில், சந்திரம்மாவின் வாழ்க்கை படுத்துக் கிடந்தது. முனிசாமியைச் சொல்லி என்ன, பொட்டு வைத்தது வேண்டாத கட்டு என்றேன், மேஜை ஆடுவதை நிறுத்து என்றேன், அவன் வேண்டாததில் தடிமனாகப் பார்த்து ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டான். ராஜாராம் வந்து மேஜையைத் தூக்க, நான் இழுத்தேன். அட்டையில் மேஜைக் கால் வட்டமாகப் பதிந்திருந்தது, உள்ளே ஏழெட்டுப் பக்கம் வரைக்கும் அந்தத் தடம், ஆனால் ஒரு காகிதமும் கிழியவில்லை. பொட்டும் நெற்றியில் அப்படியே இருந்தது. பொட்டு வெச்சி ஜோடிச்சி டேபிளுக்கு அடில படுக்கப் போட்டுட்டியேமா என்று செங்கம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்து செக்‌ஷன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். முப்பத்து மூன்று வருஷம் ஃபைல் பார்த்தவள் நான், என் மேஜை ஆடவில்லை என்பது என் கண்ணில் படவில்லை. ஒரு மேஜையின் ஆட்டத்தை இப்படி மனசில் வைத்திருக்கிற புத்திக்கு முன்னால் என் பச்சைப் புத்தகமும் டிரெயினிங்கும் எந்த மூலைக்கு? பிரமித்துப் போனேன் வைஷு, இந்த நிமிஷம் எழுதும்போதும் அந்தப் பிரமிப்பு குறையவில்லை.

கமிட்டிக்குக் குறிப்பு எழுத வேண்டும். முதல் பாகத்தின் அட்டையில் அந்தப் பள்ளம் ஏன் என்று யாரும் கேட்பார்கள். என் தவறால் ஃபைல் இடம் மாறியது என்றும், கேன்டீன் ஊழியர் திருமதி செங்கம்மாள் அதைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தார் என்றும் குறிப்பின் கடைசிப் பத்தியில் எழுதினேன். அதிகாரி படித்துவிட்டு, ஃபைல் கிடைத்தது என்று மட்டும் போதுமே, கேன்டீன் பெயரெல்லாம் ஃபைலில் எதற்கு, உங்கள் மேல் நீங்களே எதற்குக் கறுப்புப் புள்ளி வைத்துக்கொள்கிறீர்கள் என்றார். அவர் நல்ல மனிதர்தான், என் நன்மைக்குத்தான் சொன்னார். இருக்கட்டும் சார், போகிற நேரத்தில் ஒன்றாவது உள்ளபடி எழுதிவிட்டுப் போகிறேன் என்றேன். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். அதைக் கொண்டுபோய் கேன்டீனில் செங்கம்மாளிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தாள், தன் பெயருக்கு முன்னால் திருமதி என்று இருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தாள். கடைசிப் பக்கத்துல வர்ற ஆளுங்க ஒண்ணு ஜெயிலுக்குப் போவாங்க, இல்ல கல்யாணம் கட்டிக்குவாங்க, நான் இன்னாமா பண்ணட்டும் என்றாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

இந்த மாத நாவலை நான் பிரிக்கவில்லை. பின்னோடு முழுசாக அவள் கையில் கொடுத்து, வூட்டுக்கு எடுத்துகினு போ என்று அவள் பேச்சிலேயே சொன்னேன், பஸ்ஸில் ஒருத்தியும் மறுபேச்சுப் பேசவில்லை. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டாள். முழுசா படிச்சேன், நல்லாத்தான் கீது, ஆனா நமக்கு ஒரு வேலையும் வைக்காம எல்லாத்தையும் அவங்களே சொல்லிட்றாங்களேமா என்றாள்.

வெள்ளிக்கிழமை கமிட்டி. நாலு மணிக்கு அதிகாரி வெளியே வந்து, சிபாரிசு பண்ணியாகிவிட்டது என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். மெடிக்கல், போலீஸ் விசாரணை எல்லாம் முடிந்து ஆர்டர் கையில் கிடைக்க இரண்டு மாதம் ஆகும், ஆனால் வேலை சந்திரம்மாவுக்குத்தான். பட்டறையில் போன் இல்லை, செங்கம்மாள் நான் போய்ச் சொல்றேன் என்று அங்கிருந்தே மாமல்லபுரம் பஸ் ஏறிவிட்டாள். நேற்று அவளே இங்கே வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். சந்திரம்மா தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசியோடு ஒரு அம்மன் சிலைக்கு மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். விஷயத்தைக் கேட்ட பிறகும், கையில் எடுத்த வேலை என்று அந்த மூக்கைத் தேய்த்து முடித்து, கை கழுவி, முகம் கழுவி, அப்புறம்தான் செங்கம்மாள் தோளில் சாய்ந்தாளாம். அழுது முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். சியாமளாம்மா ரிட்டயர் ஆயிடறாங்களே, நான் வேலைக்கு வந்தா யாருகிட்ட போயி நிக்கணும் என்று. யாருகிட்டயும் நிக்க வேணாம், உனக்கு நாற்காலி போடுவாங்க, உக்காரு என்று சொன்னாளாம் செங்கம்மாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் சுரீர் என்றது. மூன்று வருஷமாக எத்தனை தடவை அந்தப் பெண் எங்கள் செக்‌ஷனுக்கு வந்திருக்கிறாள், என் மேஜைக்கு முன்னால் காலி நாற்காலி இருந்தது, ஒரு தடவைகூட நான் உட்கார் என்று சொன்னதில்லை வைஷாலி.

வேறென்ன எழுத. செவ்வாய்க்கிழமை சந்திரம்மாவை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், பேச்சும் மாலையும் எல்லாம் முடிந்தபின் ஒரு பத்து நிமிஷம் எனக்கு எதிரில் அவளை உட்காரவைத்து, செங்கம்மாளையும் உட்காரவைத்து, அன்றைக்கு டீயை நான் கொண்டுவரப் போகிறேன். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு. நீயும் மாப்பிள்ளையும் குறையொன்றும் இல்லாமல், நல்ல மனசும் நல்ல தூக்கமுமாக நீண்ட நாள் வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். உன் ஆபீசில் மேஜை துடைக்க வருகிற அம்மாளின் பெயர் என்ன என்று கேட்டு எனக்கு எழுது. தலைக்கு எண்ணெய் தேய்க்காமல் இருக்காதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே இங்கே ராத்திரி எட்டு மணிக்கு மறக்காமல் போன் பண்ணு, அழமாட்டேன் என்று மேலே எழுதியதை நம்பிவிடாதே.

அன்புடன் உன் அம்மா,
சியாமளா நரசிம்மன்